லாச்சிச் சாவி

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், அண்ணாவின் வாடகை வீட்டில், நானும் அண்ணியும் ஒரு கொலை நாவலைப் போட்டி போட்டு வாசித்தோம். மட்டை கிழிந்த மொழிபெயர்ப்பு. ஏதோ ஒரு மலையூர். அங்கே ஆண்துணை இல்லாமல் பெண் படலையைத் தாண்டக்கூடாது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணொருத்தி விடியற்காலையில் ஆற்றங்கரையில் செத்துக் கிடக்கிறாள். வீட்டுப் பெண்களோடு பொலிஸ்காரன் கதைக்கவும் ஏலாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி அவன் வாசலில் நிற்கிறான்.

எனக்கு மாமனில் சந்தேகம்.

"கொலைகாரன் ஆரெண்டதை விடு," என்றார் அண்ணி, கீரை ஆய்ந்துகொண்டே. "அவள் எப்பிடி வெளியிலை போனவள்? உள்ளுக்கை இருந்து ஆரோ கதவைத் திறந்து விட்டிருக்கினம். அதைப் பிடி."

"கடைசிப் பக்கத்தைப் பாத்திட்டீங்களோ?"

"எனக்கென்ன விசரே? சாவி எங்கை இருக்கெண்டு வீட்டுப் பொம்பிளையளுக்குத் தெரியாதே?"

எங்கள் வீட்டிலும் ஒரு பூட்டு இருந்தது. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம். அடையாள அட்டை இல்லாமல் தெருவில் இறங்கினால் நேரே பொலிஸ் நிலையம்தான். அண்ணா எங்கள் இருவரின் அட்டைகளையும் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். "துலைச்சுப் போட்டு ஆர் அலையிறது?" என்பார். அவர் கூட வந்தால்தான் அட்டை வெளியே வரும். அவருடைய பயம் பாதி உண்மை, மறுக்கவில்லை. மற்றப் பாதிக்கு யுத்தம் நல்ல சாட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் இருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இதை விட்டால் அடுத்தது கலியாணப் பேச்சுத்தான்.

"கொட்டாஞ்சேனைக்கோ? தனியவோ? ஏதும் நடந்தா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?" என்றார் அண்ணா. நேர்முகத்தன்று காலை வழக்கம்போல லாச்சியைப் பூட்டிவிட்டு இரத்மலானைக்கு வேலைக்குப் போய்விட்டார்.

நான் கட்டிலில் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருந்தேன். ஆத்திரத்தில் நாவலைத் திறந்தால், விட்ட பக்கத்தில் என் அடையாள அட்டை!

குசினிக்கு ஓடினேன். அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"சாறியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடு. சாவடியிலை சிங்களத்திலை கேட்டா, வேலைக்கெண்டு, 'ரஸ்ஸாவட' எண்டு சொல்லு."

"அண்ணி, சாவி?"

"அவரின்ரை மற்றச் சாவி சாமிப் படத்துக்குப் பின்னாலை. கலியாணம் முடிச்சு வந்த கிழமையே கண்டனான்."

மிச்ச நாவலை பஸ்ஸில் வாசித்து முடித்தேன். அண்ணி சொன்னது சரி. கதவைத் திறந்து விட்டது வீட்டின் மூத்த மருமகள், இரக்கப்பட்டு. கொன்றது ஆற்றங்கரையில் காத்திருந்த தமையன். புத்தகத்தை மூடிப் பைக்குள் திணித்தேன்.

வேலை கிடைத்தது. பின்னேரம் அண்ணா வந்து குதித்தார். "ஆர் லாச்சியைத் திறந்தது?"

"நான்தான்," என்றார் அண்ணி. "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிடவில்லை. அண்ணியோடு கனநாள் கதைக்கவும் இல்லை. ஆனால் என்னைத் தடுக்கவும் இல்லை.

அன்று அவர் எழுந்துபோன பிறகு பார்த்தேன். லாச்சி திறந்தே கிடந்தது. உள்ளே அண்ணியின் அட்டை மட்டும் இருந்தது.

"இத்தனை வருசமாச் சாவி தெரியும். உங்கடையை ஒரு நாளும் எடுக்கேல்லையே, அண்ணி?"

அண்ணி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சிரித்தார்.

"எடுத்துக்கொண்டு நான் எங்கை போறது?"