தலைக்குத் தண்ணீர்

இதை எழுத உட்காரும்போதும் வலது முழங்கை அரிக்கிறது. சொறியப் போவதில்லை. என் ஆயுளில் பெரும்பகுதி சொறியாமல் இருப்பதிலேயே கழிந்திருக்கிறது. அரிப்பு என்றால் கொசுக்கடி என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

அது தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில் கோலசிலாங்கூருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். கப்பலேறி வந்து, கல்யாணமாகி, தலைப்பிள்ளையைப் பெற்று மடியில் வைத்திருந்தேன். பெண் குழந்தை. பிறந்து ஐந்தாறு மாதம் இருக்கும். அப்போதுதான் என் முழங்கையின் உட்பக்கத்திலும், கழுத்திலும், முழங்காலுக்குப் பின்னாலும் சிவந்து தடித்தது. சொறிந்தால் நீர் கசியும். காய்ந்தால் செதிலாகும். செதில் உதிர்ந்தால் அடியில் புதுத் தோல் வரும் என்று காத்திருந்தால், வருவது பழைய சிவப்புதான். சில வாரம் அடங்கிக் கிடக்கும், பிறகு கேட்பாரில்லாமல் கிளம்பும்.

அந்த வியாதிக்கு என்ன பெயர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏன் வந்தது என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது இறால் தின்றதால் வந்தது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் சரியாகக் குளிப்பதில்லை என்றார் கங்காணி. என் தாய் ஊரில் ஏதோ நேர்ந்துகொண்டு செலுத்தாமல் விட்டிருக்கிறாள் என்றார் கோயில் பூசாரி. என் மாமியாருக்கு இவ்வளவு தூரம் போகவே வேண்டியிருக்கவில்லை. "உங்க வீட்டு ரத்தம் அப்படி" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். மாமியாரை மரியாதையாக எழுத வேண்டும் என்று தெரியும். எழுத வரவில்லை. யார் எங்கே தொடங்கினாலும் சரி, சுற்றிச் சுற்றி எல்லாம் என் தலையில்தான் வந்து விடிந்தது. அதே இறாலைத்தான் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயமே தின்றது, பரிட்டு வாய்க்காலில் ஓடிய அதே கறுப்புத் தண்ணீரில்தான் லயமே குளித்தது.

தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கும் போனேன். மருந்து கொடுக்கும் டிரெசர் என் கையைத் தொடாமல் எட்டி நின்று பார்த்துவிட்டு, கந்தகக் களிம்பை ஓர் இலையில் வழித்துக் கொடுத்தார்.

"நல்லா தேச்சுக் குளிம்மா. சுத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வருது?" என்றார்.

தேங்காய் நாரால் இரத்தம் வரத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொன்னார். களிம்பைப் போட்டதும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. மறுநாள் இரண்டு பங்காகத் தடித்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

லயத்துக்கு முன்னால் மழைநீர் பிடிக்கும் தொட்டி ஒன்று இருந்தது. அதன் அருகே நான் வாளியை வைத்தால் பக்கத்து வாளி நகரும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாளி மட்டும் தரையில் உராய்ந்து தள்ளிப் போகும். முதுகுக்குப் பின்னால் எனக்குச் சொறிக்காரி என்று பெயர். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகைக்குள்ளும் நான் நுழையக் கூடாது என்று ஆயா சொல்லிவிட்டாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் கொடுப்பார்கள். நான் வெளியே மரத்தடியில் வெயிலில் உட்கார்ந்து கொடுப்பேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொடுத்தேன். என் பிள்ளை என் மார்பில் இருந்தவரை மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

அதையும் பறித்தார்கள். ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் கண்டது. சொறிந்த இடமெல்லாம் பழுத்து, கழுத்திலும் மார்பிலும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மாமியார் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்துட்டா. முத்து போட்டிருக்கா" என்றாள்.

முத்தாம். சீழ் வைத்த புண்ணுக்கு அவள் வைத்த பெயர் அது.

அன்றே கோயில் பக்கத்து வேப்பமரத்தில் கொத்துக் கொத்தாக ஒடித்து வந்து வாசலில் செருகினார்கள். தோட்டத்தில் இருந்த ஒரே வேப்பமரம், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த விதையில் முளைத்தது. என்னை இலை பரப்பிப் படுக்க வைத்தார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. டிரெசருக்குத் தெரிந்தால் அம்மை என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார் என்று லயமே சேர்ந்து என்னை மறைத்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது வயிற்றுப்போக்கு என்று கங்காணியே சொல்லிவிட்டார். என்மேல் அவ்வளவு அக்கறை!

வேடிக்கை அதற்குப் பிறகுதான். நேற்றுவரை வாளியை நகர்த்தியவர்கள் இன்று ஈரத்துணியோடு வந்து என் காலடியில் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுக்கு எப்போது மாப்பிள்ளை அமையும் என்று என்னிடம் கேட்டாள். மாதக் கணக்கில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்த என் புருஷன், கையில் கற்பூரத்தோடு என்னைத் "தாயே" என்றான். சொறிக்காரியாக இருந்தபோதும் தொடவில்லை, ஆத்தாவானபோதும் தொடவில்லை. கும்பிடு மட்டும்தான் புதிது.

ஆத்தா இருக்கும் உடம்பிடம் கைக்குழந்தையை விடக் கூடாது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதே லயத்தில் மூன்று கதவு தள்ளியிருந்த என் நாத்தனாரிடம் கொடுத்தார்கள். டின் பாலை வெந்நீரில் கரைத்து ஊட்டினார்கள். லயத்துச் சுவர்கள் வெறும் பலகை. அது பசித்து அழுவது எனக்குக் கேட்கும். கேட்ட மாத்திரத்தில் என் மார்பு நனையும். பால் கட்டிக் கல்லாகி, வலி தாங்காமல், பின்பக்கத்துச் சாக்கடைக் கானில் குந்தி உட்கார்ந்து பிழிந்து விடுவேன். மரத்துப் பாலில் ஒரு சொட்டுத் தரையில் சிந்தினால் கங்காணி தோட்டமே அதிரக் கத்துவார். என் பால் கானில் ஓடியபோது ஒரு மனுஷர் வாயைத் திறக்கவில்லை.

அம்மை என்றால் கொப்புளம் காய்ந்ததும் பூசாரி உத்தரவு கொடுப்பார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு விடுவார்கள். நாள் விட்டு நாள், மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீரோடு ஆத்தா இறங்கிவிடுவாள், மனுஷி வீட்டுக்குள் வரலாம், பிள்ளையைத் தொடலாம். என் விஷயத்தில் பூசாரி வந்து பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டுப் போவார். பழையது காய்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதியது கிளம்பியிருக்கும். கிளம்பாமல் என்ன செய்யும்? வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்து வெடித்த தோலில் அப்பி, குளிக்கவும் விடாமல், அழுக்குத் துணியோடு போட்டு வைத்திருந்தார்கள். வாரங்கள் போய்க்கொண்டே இருந்தன. எங்கள் தோட்டத்தில் இவ்வளவு காலம் யார் வீட்டிலும் ஆத்தா தங்கியதில்லை என்று மாமியார் தொட்டியடியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாளாம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை எல்லாரும் கூடி வந்தார்கள். மாமியார் தட்டில் கற்பூரத்தை ஏற்றி நீட்டினாள்.

"தாயே, ஏன் எறங்க மாட்டேங்குற? நாங்க என்ன கொற வச்சோம்? என்ன வேணுமோ கேளு, குடுத்துடுறோம்."

என்ன வேணும் என்று என்னை யாராவது கேட்டு எத்தனை காலமாகியிருந்தது! நான் ஆடவில்லை, உறுமவில்லை. எழுந்து உட்கார்ந்து, என் சொந்தக் குரலில் சொன்னேன்.

"எனக்கு எம்புள்ள வேணும். கொண்டாந்து குடுங்க."

பூசாரி மற்றவர்கள் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்.

"ஆத்தா புள்ளையக் கேக்குறா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுததும்தான் விளங்கியது. ஆத்தா பிள்ளையைக் காவு கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஐயோ அத்தே, நான்தான் கேக்குறேன். ஒங்க மருமவ கேக்குறேன். பால் கட்டிக்கிட்டு உயிர் போவுது. புள்ளையக் குடுங்க."

"அவ அப்படித்தாம்மா பேசுவா" என்றார் பூசாரி. "மருமவ கொரல்லயே பேசுவா. ஏமாந்துராதீங்க."

இதற்கு மேல் என்ன சொல்வது? என் வாயிலிருந்து எது வந்தாலும் அது என்னுடையதில்லை. என் புருஷன் குப்புற விழுந்து என் காலைப் பார்த்துக் கும்பிட்டான். "பச்சப் புள்ள தாயே, விட்டுரு தாயே" என்று அழுதான். என் பிள்ளையை என்னிடமிருந்து காப்பாற்றும்படி என்னையே கெஞ்சினான். அவனை உதைக்க வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அது நினைவுக்கு வந்தால் கால் துடிக்கிறது.

அவர்கள் முடிவு செய்ததைப் பலகை வழியாகக் கேட்டேன். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் ஆத்தா தொடர மாட்டாளாம். மறுநாள் வேலை முடிந்து மாட்டுவண்டி ஆற்றுத்துறைக்குப் போகும்போது, நாத்தனார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் தன் புருஷன் உறவுக்காரர்கள் இருந்த தோட்டத்துக்குப் போய்விடுவாள். ஆத்தா இறங்கிய பிறகு திரும்பி வருவாள். ஆத்தா எங்கே இறங்குவது? என் தோல்தான் அடங்காதே. அப்படியானால் என் மகள் திரும்ப வரப்போவதே இல்லை. அது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

மறுநாள் ஆட்கள் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் வேளை. தொட்டியடியில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். வண்டியில் மாடு பூட்டியாகிவிட்டது. நான் எழுந்து வெளியே நடந்தேன். தலை சிக்குப் பிடித்திருந்தது, முதுகில் வேப்பிலை ஒட்டியிருந்தது. பெண்கள் கைகூப்பி வழிவிட்டார்கள். கிடந்த வாளியில் ஒன்றை எடுத்து, தொட்டியில் முக்கி, என் தலைக்கு நானே ஊற்றினேன். மறுபடியும் முக்கி ஊற்றினேன். மூன்றாம் முறையும் ஊற்றினேன். மஞ்சளும் இல்லை, வேப்பிலையும் இல்லை, வெறும் மழைத்தண்ணீர். புண்ணில் பட்ட இடமெல்லாம் குளிர்ந்தது. அத்தனை வாரத்தில் என் உடம்புக்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து அதுதான்.

மாமியார் அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடிப்பாவி, யாரு உத்தரவு குடுத்தா? யாரக் கேட்டு ஊத்துன?"

"யாரையும் கேக்கல. மூணு தண்ணியும் ஆச்சு, ஆத்தா எறங்கியாச்சு. இப்ப நான் வெறும் சொறிக்காரி. எம்புள்ளைய யாரும் கொண்டு போக முடியாது."

நான் செய்தது சாமிக் குற்றமா, இல்லை ஆத்தாவே ஊற்றிக்கொண்டாளா என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பூசாரியைப் பார்த்தார்கள். அவருக்கும் விளங்கவில்லை. எனக்கு அந்த நேரம் போதுமாயிருந்தது. நாத்தனார் வீட்டுக்குள் போய், பயணத்துக்குத் துணி சுற்றிப் பாயில் கிடத்தியிருந்த என் மகளைத் தூக்கிக்கொண்டேன். நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்றாள். தடுக்கவில்லை.

வாசற்படியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். பிள்ளை இரண்டு முறை இழுத்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடி திருப்பியது. அதற்கு டின் பாலும் கரண்டியும் பழகிவிட்டன. எனக்கும் கானில் பிழிந்தது போக, கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது. லயமே நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் வாய்க்கு வந்தபடி அத்தனை பேரையும் ஏசினேன். என் புருஷன் காலி வாளியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். அவனையும் விடவில்லை. அன்றைக்கு ஏசியதில் ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் மகள் டின் பாலில்தான் வளர்ந்தாள். அடிக்கடி வயிற்றுக் கடுப்பு வந்து, எலும்பும் தோலுமாகக் கிடந்து பிழைத்தாள். என் தோல் அதன் இஷ்டத்துக்கு வந்துபோய்க்கொண்டே இருந்தது. வெயிலுக்குப் போகுமுன் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வது, நைந்த பழைய துணியையே உடுத்துவது, தூக்கத்தில் சொறியாதபடி விரல்களைத் துணியால் கட்டிக்கொள்வது என்று எனக்கு நானே பழக்கிக்கொண்டேன். பிற்காலத்தில் பெரிய டாக்டர்களும் பார்த்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஓர் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

மார்பை மறந்த பிள்ளை தூங்குவதற்கு வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டது. என் முழங்கையின் உட்பக்கத்தில் சொரசொரவென்றிருந்த இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டே கண்ணை மூடும். எப்போதாவது என் தோல் ஆறி வழவழப்பாகிவிட்டால், தேடித் தேடி அழும். மாமியார் பார்த்துவிட்டால் அதன் கையைத் தட்டிவிடுவாள், ஒட்டிக்கொள்ளும் என்பாள். நான் அந்தக் கையை எடுத்து மறுபடி அங்கேயே வைப்பேன். ஒரு சின்னத் தடிப்புக்கூட அவளுக்கு வந்ததில்லை.

போன மாதம் அவள் வந்திருந்தாள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து மருமகளைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் அவள் கை தானாக வந்து என் முழங்கையைத் தேய்த்தது. அவளுக்கே தெரியவில்லை. நான் அசையாமல் இருந்தேன். இதைப் பார்க்க என் மாமியார் உயிரோடு இல்லை என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.