அட்டையில் இல்லாத ஊர்

ஒன்பது வருஷமாக ராகேஷுக்கு ஒரே வேலைதான். தல்லாகுளத்து ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போவார். பிறந்து மூன்றாம் நாள் பிள்ளையின் குதிகாலில் குத்தி, கனத்த அட்டையில் நாலு சொட்டு ரத்தம் ஒற்றி, நிழலில் உலர்த்தி அனுப்புவார். பெற்றவர்கள் வழியாகப் பிள்ளைக்கு ஒளிந்து வரும் குறைகள் அதில் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, திட்டுதான் மிச்சம்.

"பச்சப்புள்ளையக் குத்துறியே, கை வெளங்குமா?" அஸ்வினியின் மகனுக்குக் குத்தியபோது அவளுடைய அப்பா பேயாண்டி கத்தினார். ராகேஷ் சிரித்துக்கொண்டே, அவள் கணவன் செல்வக்குமாரின் ஆதாரைப் பார்த்து விளாங்குடி முகவரியையும் அவன் நம்பரையும் அட்டையில் எழுதினார். இன்னும் ஆறு பிள்ளைகள் பாக்கி.

ஐந்து நாளில் முடிவு வந்தது. பாலில் இருக்கும் சர்க்கரையை அந்தப் பிள்ளையின் உடம்பால் செரிக்க முடியாது. தாய்ப்பாலே விஷம். உடனே நிறுத்தினால் பிழைக்கும்.

நம்பர் ஸ்விட்ச் ஆஃப். செல்வக்குமார் லாரியோடு நாக்பூர் பக்கம் போயிருந்தான். விளாங்குடி வீடு பூட்டிக் கிடந்தது.

"தலைப்பிரசவம்ல? அப்பன் வீட்டுலதான இருப்பா! இது தெரியாமலா வந்தீக?" என்றாள் பக்கத்து வீட்டு இருளாயி.

"எந்த ஊரும்மா?"

"திருமங்கலம் தாண்டின்னு சொல்லுவாக."

திருமங்கலம் தாண்டி எம்புட்டோ ஊர். ஆஸ்பத்திரி ஏட்டிலும் விளாங்குடிதான். ராகேஷின் மனைவி ரம்யாஸ்ரீயும் முதல் பிள்ளையோடு மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்தவள்தான். தெரியாத வழக்கமா? எழுதும்போது கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம்தான் செல்வக்குமார் போனை எடுத்தான். ஊரைச் சொன்னான். அவன் மாமனார் வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை. ராகேஷ் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை மஞ்சள் பூத்துத் துவண்டிருந்தது. அது கக்கக் கக்க அஸ்வினி ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

"காமாலைக்கு வெயில்ல காட்டுறோம். பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றியா?" என்றார் பேயாண்டி.

"இந்தப் புள்ளைக்குப் பால் ஆகாதுய்யா. கிளம்புங்க."

அஸ்வினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. பெயர்கூட வைத்திருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குப் பெண் பிறந்தது. முடிவு தெரியும்வரை சோயா பால்தான் என்றார் டாக்டர். அஸ்வினி தன் பாலைப் பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்தாள். ராகேஷ் ஊசியோடு வந்ததும் பேயாண்டியே பேத்தியின் காலைப் பிடித்துக் கொடுத்தார்.

"வீட்டுக்குப் போனா எங்கம்மா இருப்பீங்க?"

"அப்பா வீட்டுலதாண்ணே." ஊரும் தெருவும் மூன்று நம்பரும் சொன்னாள். இடம் போதாமல் ராகேஷ் அட்டை ஓரத்தில் நுணுக்கி எழுதினார்.

குத்திய நாலாம் நாள் ராகேஷ் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே போனை எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணே. பால் குடுக்கலாமா?"

"வேணாம்மா."

"சரிண்ணே," என்றாள். போனை வைக்கவில்லை. பின்னால் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.