கேபிளில் திரும்பி வந்த அலை

ஆரையம்பதியில் ரேடியோவும் ரீவியும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். செட்டிபாளையத்து மீனவர் சங்கத்தின் கரை ரேடியோவைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்புத்தான். மாரி தொடங்கிய கிழமையில் ஒரு மதியம் சங்கச் செயலாளர் போன் எடுத்தார்.

"தங்கச்சி, காத்து வரப்போகுதெண்டு அறிவிப்பு வந்திருக்கி. போட்டெல்லாம் வெளியில. நாங்க கூப்பிடுறது அவங்களுக்குக் கேக்குதில்ல. கெதியா வாங்க."

கடலில் நின்ற ஏழு படகுகளில் ஒன்று அக்காவின் கணவர், என் அத்தானுடையது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா சங்கத்து மர வாங்கில் நனைந்த குடையை மடியில் வைத்தபடி இருந்தாள். ரேடியோ செட்டில் அத்தானின் குரல் மெல்லியதாகக் கேட்டது. பக்கத்துப் படகுக்காரரிடம் பாரை மீன் பட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார். செயலாளர் பட்டனை அழுத்தி, "கரை பேசுது, கரை பேசுது" என்றார். அவர்கள் பாரையைப் பற்றியே தொடர்ந்து கதைத்தார்கள்.

"அவர் கதைக்கிறது நமக்குக் கேக்குது. நம்மட கதை ஏன் அவருக்குக் கேக்குதில்ல?" என்று அக்கா கேட்டாள்.

கையை வைத்ததும் செட் சுட்டது. செட்டுக்கும் கேபிளுக்கும் இடையில் மீற்றரைப் பூட்டி, பட்டனை அழுத்திப் பார்த்தேன். போகிற சக்தியில் பாதிக்குக் கிட்ட திரும்பி வருகிறது என்று ஊசி காட்டியது. கேபிளைக் கழற்றிவிட்டு, வரும் சக்தி முழுவதையும் வெப்பமாக்கித் தின்றுவிடும் ஒரு மின்தடையைச் செட்டில் பூட்டினேன். திரும்பி வருவது பூச்சியமானது. செட்டில் பிழையில்லை, பிழை கேபிளில், இல்லையென்றால் மேலே அன்ரனாவில்.

கேபிளின் நடுக் கம்பிக்கும் அதைச் சுற்றிய செப்பு வலைக்கும் இடையே உள்ள தூரமும், அந்த இடைவெளியை நிரப்பும் பொருளும் சேர்ந்து, இவ்வளவு மின்னழுத்தத்துக்கு இவ்வளவு மின்னோட்டம் என்று ஒரு கணக்கை வகுத்து வைத்திருக்கின்றன. அலை அந்தக் கணக்கின்படியே ஓடுகிறது. வழியில் ஓரிடத்தில் கணக்கு மாறினால், கொண்டுவந்த சக்தி முழுவதையும் அந்த இடம் வாங்கிக்கொள்ளாது. வாங்காத பங்கு வந்த வழியே திரும்புகிறது. திரும்பி வரும் சக்தியில் வெந்துபோகாதிருக்க, செட் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்கிறது. கேட்பதற்குக் கொஞ்சம் சக்தி வந்தாலும் போதும். அனுப்புவதற்குப் போதாது.

கணக்கு எங்கே மாறியிருக்கும் என்று யோசித்தபோது நானே போட்ட ஒட்டு நினைவுக்கு வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் செயலாளரின் மேசையை அடுத்த அறைக்கு மாற்றினார்கள். கேபிள் எட்டவில்லை. சரியான வகை கையில் இல்லாததால், பிறகு மாற்றலாம் என்று ரீவி கேபிள் துண்டு ஒன்றை ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். அன்று திரும்பி வந்தது மிகக் கொஞ்சம். அதனால் விட்டுவிட்டேன், பிறகு மறந்தும் போனேன்.

வெளியே போய், ஏணியில் ஏறி, கூரையோரத்தில் இருந்த ஒட்டை இறக்கிப் பிரித்தேன். உள்ளே இருந்து தண்ணீர் வடிந்தது. செப்பு வலை பச்சை பிடித்திருந்தது.

ரீவி கேபிளை வெட்டி எறிந்தேன். நல்ல கேபிளையும் செம்பு பளிச்சென்று தெரியும்வரை ஒரு சாண் வெட்டினேன். இனி அது மேசைக்கு எட்டாது.

"அண்ணன், செட்டையும் பற்றரியையும் இங்க தூக்கிட்டு வாங்க" என்றேன்.

செயலாளர் அன்ரனாக் கம்பத்தடிக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து செட்டை அதில் வைத்தார். அக்கா குடை பிடித்தாள். கேபிள் நுனியில் புதிய கனெக்டரைப் பூட்டிச் செட்டில் கொழுவினேன். பட்டனை அழுத்தினேன். திரும்பும் சக்தியைக் காட்டும் ஊசி அசைந்ததாகவே தெரியவில்லை.

"கரை பேசுது. காத்து வருது, எல்லாரும் உடன திரும்புங்க. கேக்குதா?"

கொஞ்சம் இரைச்சல். பிறகு அத்தானின் குரல்.

"கேக்குது, கேக்குது. ஏன் இவ்வளவு நேரமும் ஒரு சத்தத்தையும் காணல்ல? வாறம்."

அக்கா குடையை அப்படியே விட்டுவிட்டுச் செட்டுக்குப் பக்கத்தில் மணலில் குந்திவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றப் படகுகளும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லின. செயலாளர் ஏழையும் விரல் மடக்கி எண்ணினார்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அண்ணன், அந்த ஒட்டு நான் போட்டது. ரீவி வயர் அது. பிழை என்னிலதான்."

"ஓம், தெரியும். நான்தானே அண்டைக்கு ஏணி புடிச்ச" என்றார் அவர். "நாளைக்கு ஒரே வயராப் போட்டுத் தாங்க, புள்ள."

பொழுது சாய முதல் ஏழு படகுகளும் கரையேறிவிட்டன. காற்று அதற்குப் பிறகுதான் வந்தது. வீட்டுக்குப் போய், உடுப்பும் மாற்றாமல், சட்டியில் கிடந்த சோற்றை நின்றபடியே தின்றேன். அவ்வளவு பசி இருந்தது அதுவரை எனக்குத் தெரியவில்லை.