பத்துக் கோடி விழுந்தால்

சித்தப்பா பாலக்காட்டுப் பக்கம் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு நேந்திரம் சிப்ஸ் வாங்கி வருவார். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் சிப்ஸோடு ஒரு பம்பர் லாட்டரிச் சீட்டும் வந்தது. நம் பக்கத்தில் லாட்டரி நின்றுபோய் வெகு காலமாகியிருந்ததால் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. படகும் பூவும் அச்சடித்த வழவழப்பான தாள். முதல் பரிசு பத்துக் கோடி, குலுக்கல் அடுத்த வாரம் என்றார் சித்தப்பா. அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து வந்து, சித்தப்பா புண்ணியத்தில் கோழிக் குழம்பும் சாப்பிட்டு முடித்ததும் பத்துக் கோடியைச் செலவு செய்ய ஆரம்பித்தோம். அப்பா முதலில் ஏரிக்கரை நிலம் மொத்தத்தையும் வாங்கி, அதில் போர்வெல் போட்டார். சித்தப்பா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு லாட்ஜ் கட்டினார். பிறகு இருவரும் சேர்ந்து எங்களுக்கு ஒரு மாடி வீடு கட்டினார்கள். அங்கேதான் தகராறு வந்தது. மாடி தனக்கு என்றார் சித்தப்பா. இன்னும் கல்யாணமே ஆகாதவனுக்கு மாடி எதற்கு என்றார் அப்பா. அப்படியானால் லிப்ட் வைத்தே ஆக வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதம் பிடிக்க, ஒரு மாடிக்கு எவனாவது லிப்ட் வைப்பானா என்று அப்பா கத்த, அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் படி வைத்து ஏறுகிற மாதிரி உயரமான ஒரு கட்டிலும், வீட்டுக்குள்ளேயே நிற்கிற ஒரு குச்சி ஐஸ் வண்டியும் கேட்டேன். இரண்டும் உடனே சாங்ஷன் ஆனது.

அம்மா முறத்தில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்க இன்னா வாங்குவீங்க? ஒண்ணுமே சொல்லல," என்றார் சித்தப்பா.

"எனக்கு இன்னா கீது வாங்க?"

"சும்மா சொல்லுங்க. நகை? பட்டுப்புடவை?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "காலங்காத்தால அந்த ஆளு ரோட்டுல நின்னுக்கினு ஹாரன் அடிப்பாரே, அதுக்கு நான் எய்ந்து போவக் கூடாது. அவ்ளோதான்."

அந்த ஆள் என்றால் ஏரிக்கரை நிலத்தின் சொந்தக்காரர். எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம். அவர் காலனிக்குள் வர மாட்டார். தார் ரோட்டிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, காலைக்கூடத் தரையில் ஊன்றாத மாதிரி உட்கார்ந்து ஹாரன் அடிப்பார். சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே இறக்கிவைத்துவிட்டு ஓட வேண்டும். நடவுக்கு ஆள் சேர்ப்பது அம்மா என்பதால் அவள்தான் முன்னால் ஓடுவாள். "வாடி, இன்னிக்கு எத்தினி பேருடி?" என்பார்.

அம்மா சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். "ஹாரனுக்கு எய்ந்து போவாம இருக்க எதுக்கு அண்ணி பத்துக் கோடி?" என்று கேட்டார் சித்தப்பா. வேடிக்கைக்காகத்தான் கேட்டார். அம்மாவின் கை முறத்தில் அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது ஹாரன் அடித்தது. வழக்கமாக இந்த இடத்தில் என் பின்னல் பாதியில் நிற்கும். மீதியை நானே எப்படியோ முடிந்துகொண்டு பள்ளிக்குப் போவேன். அன்று அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. இரண்டாவது முறை அடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தூக்குவாளியோடு வெளியே வந்து எங்கள் வாசலைப் பார்த்தாள். அம்மா வராததால் அவளும் நின்றாள். அவள் நின்றதால் மற்றவர்களும் நின்றார்கள். மூன்றாவது ஹாரன் நீளமாக அடித்து ஓய்ந்ததும், அவர் வண்டியை விட்டு இறங்கி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி, காது அடச்சிக்கிச்சா?"

அம்மா ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். "நல்லாக் கேக்குதுங்க."

"அப்பறம்? சேடை ஓட்டி வயலை ரெடியா வச்சிக்கினு நான் நிக்கிறேன், நீ சாவகாசமா தலை வாரிக்கினு கீற."

"நடவுக்கு வரோங்க. ஹாரனுக்கு வர மாட்டோம். வேலை கீதுன்னா மொதநாளே வந்து பேர் சொல்லிக் கூப்புடுங்க. இந்த வாடி போடி வேணாம்."

அம்மா நிதானமாகத்தான் சொன்னாள். ஆனால் சீப்பை அவள் பிடித்திருந்த பிடியில் அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்திருந்ததை நான் பிறகு பார்த்தேன்.

"எப்பலேர்ந்து இந்தத் திமிரு?" என்றார் அவர்.

"நேத்துலேர்ந்துங்க," என்றாள் அம்மா. நிஜத்தைத்தான் சொன்னாள்.

அந்த ஒரு வார்த்தையால்தான் விஷயம் பெரிதானது. நேற்று என்ன நடந்தது? கேரளாவிலிருந்து கொழுந்தன் வந்திருந்தான். கொழுந்தன் என்ன கொண்டுவந்தான்? லாட்டரிச் சீட்டு. சாயங்காலத்துக்குள் எங்களுக்குப் பரிசு விழுந்துவிட்டது என்று ஊரே முடிவு செய்தது. குலுக்கலே நடக்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. மறைக்கிறோம் என்றார்கள். மளிகைக் கடைக்காரர் எனக்கு ஸ்டூல் போட்டு உட்காரச் சொல்லி ஒரு பிஸ்கெட் பாக்கெட் கொடுத்தார். தன் பையனை லாட்ஜில் மேனேஜராகப் போடச் சொல்லிப் பெரியம்மா சித்தப்பாவிடம் கேட்டாள். லாட்ஜ் விஷயம் அவள் காது வரை எப்படிப் போனதோ! நானும் சும்மா இருக்கவில்லை. வகுப்பில் இரண்டு பேருக்கு என் கட்டிலில் இடம் கொடுத்துவிட்டேன்.

அதே நாட்களில் எங்கள் வீட்டில் காலையும் மாலையும் கஞ்சிதான். மழை பிடித்துக்கொண்டதால் அப்பாவுக்குக் கட்டட சென்ட்ரிங் வேலை இல்லை. நூறு நாள் வேலையும் அப்போது நடக்கவில்லை. நடவுதான் அந்தப் பருவத்துச் சோறு. "யாரைக் கேட்டு இந்தப் பேஜாரை இயுத்து வச்ச?" என்று அப்பா தினமும் ஒருமுறை கேட்பார். அம்மா கஞ்சியை ஊற்றி வைப்பாள்.

அம்மா ஆள் சேர்க்காததால் காலனியிலிருந்து யாரும் நடவுக்குப் போகவில்லை. நிலத்துக்காரரும் சும்மா இல்லை. தென்னேரிப் பக்கம் ஆள் தேடிப் போனார். எல்லா ஊரிலும் நடவு நடந்துகொண்டிருந்ததால் யாரும் கிடைக்கவில்லை. நடவு மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஏரித் தண்ணீர் கசிகிற அந்தச் சேற்றில் அது வயிறு வரை புதைந்து, டிராக்டர் வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம்.

குலுக்கல் நாளன்று சித்தப்பா மத்தியானத்திலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் நம்பருக்கும் பரிசு விழுந்த நம்பருக்கும் எந்த உறவும் இல்லை. ஆறுதல் பரிசுகூடக் கிடையாது. சித்தப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அழுதேன்.

அப்பாதான் முதலில் சுதாரித்தார். "யாராண்டயும் மூச்சு வுடக் கூடாது. வியுந்துச்சுன்னே நெனச்சிக்கினு இருக்கட்டும். அந்த ஆளு எறங்கி வர வரைக்கும்."

"ஆமா அண்ணி. சஸ்பென்ஸ்லயே வுட்டுடுங்க," என்றார் சித்தப்பா.

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அம்மா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் தெருக்குழாய்க்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன்.

"சீட்டு வியல," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

யாரோ சிரித்தார்கள். பெரியம்மாவின் முகம் தொங்கிவிட்டது. "அப்ப நாளைக்கு வேலைக்குப் போவலாமா?" என்றாள்.

"போறவங்க போங்க. நான் போவல."

"கையில காசு இல்லாம எத்தினி நாளுடி வூட்டுல குந்திக்கினு இருப்ப? நீ கோடீஸ்வரி ஆயிட்டன்னு இல்ல நாங்க நெனச்சிக்கினு இருந்தோம்."

"பணம் வரும்னுட்டா நான் போவாம இருந்தேன்? அந்த ஹாரன் சத்தத்துக்கு எய்ந்து ஓடறப்பல்லாம் எனக்கு வவுறு எரியுதுக்கா. பணம் வரலன்னா எரியாதா?"

குழாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. யாரும் குடத்தை நகர்த்தவில்லை. அம்மாவுக்குப் பத்துக் கோடி இருக்கிறது என்று நினைத்தபோது அவர்கள் அவளை வேடிக்கைதான் பார்த்தார்கள். இப்போது பார்த்தது வேறு மாதிரி இருந்தது. பெரியம்மா குழாயை மூடினாள். "எனக்கும்தான் எரியுது," என்றாள்.

மறுநாள் காலை ஹாரன் அடித்தது. அம்மாவுக்குப் பணம் விழவில்லை என்பது நிலத்துக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும், சத்தம் அன்று தெம்பாக இருந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. வீட்டுக்குள் அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் பயத்தில் ஒன்றுக்கு வந்தது. வெகுநேரம் அடித்துவிட்டு வண்டி போய்விட்டது.

அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் அவர் வந்தார். வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அவர் மனம் மாறியதா, நாற்றங்காலில் நாற்று முற்றியதா என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. எங்கள் வாசலில் நின்று, அம்மாவைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, அவள் பெயரை முழுதாகச் சொன்னார். கூடவே ஒரு 'அம்மா'வும் சேர்த்தார். "நாளைக்கு நடவு. வரீங்களா?"

"வரோங்க," என்றாள் அம்மா.

அவ்வளவுதான். அவர் போய்விட்டார். பெரிதாக எதுவோ நடக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதற்காகவா இத்தனை நாள் கஞ்சி குடித்தோம்? கட்டில் போயிற்று, ஐஸ் வண்டி போயிற்று, கடைசியில் கிடைத்தது அதே நடவு வேலை. பள்ளியில் இரண்டு பேருக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

மறுநாள் நடவு முடித்து அம்மா வந்தபோது புடவை முழங்கால் வரை சேறாக இருந்தது. அவள் கால் கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

"பத்துக் கோடி வியுந்திருந்தா நீ இந்தச் சேத்துல எறங்கியிருக்க மாட்ட இல்ல?" என்று கேட்டேன்.

அம்மா ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "ஏன் எறங்க மாட்டேன்? நான் நட்டா வரிசை நூல் புடிச்ச மாரி இருக்கும், தெரியுமா? நாளைக்கு லீவுதானே, வந்து பாரு பாப்பா. அப்படியே சில்லுனு இருக்கும் காலு."

சொல்லிவிட்டு அவள் ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே அடுப்பு மூட்டப் போனாள். பத்துக் கோடி வந்த பிறகும் சேற்றில் இறங்கத் தயாராக இருக்கிற ஒருத்திக்குப் பணக்காரியாக இருக்கவே தெரியாது, அந்தச் சீட்டு எங்களுக்கு விழாமல் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை என்று எனக்கு அன்று நிச்சயமாகத் தோன்றியது.