ஆமைக்கு ஒரு ராத்திரி இடம்

இன்று குன்னம் பக்கம் ஓர் ஏரியைத் தூர்வாரினார்கள். சேற்றில் சிக்கிய மூன்று ஆமைகளைக் கறிக்காகப் பிடித்தவர்களிடமிருந்து, ஊர் ஆமைப் பாதுகாப்புக் குழுவினர் சண்டை போட்டு மீட்டார்கள். கைதட்டினேன். படமும் எடுத்தேன்.

வனத்துறையினர் நாளைக் காலையில்தான் வருவார்கள். அதுவரை ஆமைகளை எங்கே வைப்பது?

குழு மொத்தமும் ஏரியைப் பார்த்தது. ஆமை நுழைந்த வீடு விளங்காது என்ற பயம், ஆமையைக் காப்பவர்களுக்கும் உண்டு.

"நீங்கதானே தலைவர்?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"தலைவர்தான் சார். ஆமை உள்ள வந்தா வூட்டுக்காரி என்னய வெளிய அனுப்பிடுவா."

துணைத் தலைவர் முந்திக்கொண்டார். "பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம் சார். வேற நேரமா இருந்தா வேணாம்னா சொல்லுவேன்?"

"சார், உங்க வூட்ல வைக்கலாங்களா?" என்றார் செல்வம்.

"வாடகை வீடுங்க" என்றேன். உண்மைதான். ஆனால் இத்தனை வேகமாக நான் உண்மை சொன்னதில்லை.

சத்தம் கேட்டு வந்த பெரியசாமி ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். கட்சியின் பெயர் வேண்டாம். சாவியை எடுத்து நீட்டினார்.

"நம்ம கட்சி ஆபீஸ்ல வைங்கப்பா. டெபாசிட்டே போயிட்டு. இனிமே ஆமை வந்து என்னத்தக் கெடுக்கப் போவுது?"

இப்போது மூன்றும் கட்சித் தலைவர் படத்துக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கின்றன. வேடிக்கை பார்க்க வந்தவர்களால், அந்த ஆபீஸில் ரொம்ப நாளைக்குப் பிறகு கூட்டம்.

'ஆமைகளைக் காப்போம்' என்று கமெண்ட் போடப்போகும் நண்பர்கள், வீட்டு விலாசத்தையும் சேர்த்துப் போடவும். ஏரியில் இன்னும் ஆமைகள் இருக்கின்றன.