பனிக்குப் பழக்கிய கை

வத்தேகமயில் சித்தி வீட்டுக் குசினியில் நீல நிற பிளாஸ்டிக் பேசின் ஒன்று இருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் வெடித்து, சூடு வைத்து ஒட்டியிருக்கும். அரிசி களையவும் கீரை அலசவும் வாங்கியது. எனக்கு அதைப் பார்த்தால் அரிசியோ கீரையோ ஞாபகத்துக்கு வருவதில்லை, சித்தப்பாவின் குரல்தான் வருகிறது. மேசை மேல் அந்தப் பேசின், அதில் ஐஸ் கட்டிகள் மிதக்கும் தண்ணீர், தண்ணீருக்குள் மணிக்கட்டு வரை சித்தியின் வலது கை, எதிர்க் கதிரையில் ஜெபமாலையோடு சித்தப்பா. இதெல்லாம் கனடாவில் பனிக்குள் வண்டி ஓட்டப் போவதற்கான ஏற்பாடு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கண்டியில் ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை கிடைத்தபோது அவர்கள் வீட்டில் தங்கித்தான் பஸ்ஸில் போய் வந்தேன். சித்தப்பா தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்ட பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. கூப்பிட வேறு ஆள் இல்லாததால் சித்தியைக் கூப்பிட்டார். தேத்தண்ணீரில் சீனி குறைந்தால் விசாரணை, சேட்டில் ஒரு மடிப்பு விழுந்தால் விசாரணை. வெளியில் அவருக்கு நல்ல பெயர். கோயிலில் ஜெபமாலை சொல்லும்போது முன்னால் நின்று சொல்பவர் அவர்தான். மாதாவை நோக்கிச் சொல்லும் அருள் நிறை மந்திரத்தின் முதல் பாதியை அவர் சொல்ல வேண்டும், பின்பாதியைக் கூட்டம் பதிலாகச் சொல்ல வேண்டும். அப்படிப் பத்துத் தடவை சொன்னால் ஒரு பத்து முடிந்தது, ஜெபமாலையில் பத்து மணி நகர்ந்தது. பதில் வராமல் அடுத்த மணிக்குப் போக முடியாது. அவருடைய குரலைக் கேட்டு உருகிப் போனவர்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களில் யாரும் அவரோடு குடும்பம் நடத்தவில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். எனக்குத் தங்கச்சி முறை. யாழ்ப்பாணத்துப் பையனைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போய், அங்கே ஒரு ஆண் பிள்ளையும் பிறந்திருந்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்குமாகச் சேர்த்து விசா எடுத்துவிட்டாள். சித்திக்கு அந்தப் பேரனைக் கையில் தூக்க வேண்டும். அவ்வளவுதான், கனடாவில் வேறு ஒன்றும் அவளுக்குத் தேவையில்லை. போனில் பிள்ளையின் முகம் தெரிந்தால் கண்ணாடியைத் துடைப்பது போல விரலால் தடவுவாள். தடவும்போது படம் பெரிதாகிப் பிள்ளையின் மூக்கு மட்டும் தெரியும், அதற்கும் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் மருமகன் உற்சாகமாக இருந்தார். "மாமா, மார்கழியில வாங்கோ. ஸ்னோவுக்குள்ள ஏ.டி.வி. ஓட்டுவம். காட்டுக்குள்ளால நல்ல பாதை இருக்கு. உங்களுக்கும் மாமிக்கும் ஒண்டு, எனக்கு ஒண்டு." ஏ.டி.வி. என்றால் கொழுத்த நாலு டயர் பூட்டிய மோட்டார் சைக்கிள். ஹுன்னஸ்கிரியப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதைப் பார்த்திருக்கிறோம். சித்தி எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஸ்னோன்னா பனிதானே தம்பி? நம்ம ஹுன்னஸ்கிரியவுல எறங்குற மாதிரி. ஒரு சுவெட்டர் போதுமா?" எங்கள் மலையில் முகில் இறங்கிப் பாதையை மறைத்தாலும் பனிதான், விடிய புல் நனைந்திருந்தாலும் பனிதான். அவள் கேட்டதில் தப்பே இல்லை. மருமகனும் அன்பாகத்தான் சிரித்தார். "இது வேற மாமி. உடம்பை உடுப்பு மூடிப் போடும், கைதான் முதல்ல விறைக்கும்." சித்தப்பா எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். போனை வைத்ததும் சிரிப்பு நின்றது. "மாப்பிள்ளைக்கு முன்னால மானத்த வாங்கிட்ட" என்றார்.

மறுநாள் பயண ஏற்பாடு தொடங்கியது. சித்தி பின்னால் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கை விறைத்து விட்டுவிட்டால் நடுக்காட்டில் விழுவாள். விழுந்தால் அவருக்குத்தான் அவமானம். அதனால் கையைப் பழக்க வேண்டும். "ஐஸ் தண்ணியில கைய வைய்யி. நான் சொல்றேன், நீ பதில் சொல்லு. ஒரு பத்து முழுசா தாங்கினா கூட்டிட்டுப் போறேன். இல்லாட்டி இங்கயே கெட." சித்தி கெஞ்சினாள். "அந்த வண்டியில நான் ஏறல்லங்க. நீங்க போய் ஓட்டிட்டு வாங்க, நான் வீட்டுல புள்ளைய வச்சிக்கிட்டு இருக்கேன்." அதற்கு அவர், "மாப்பிள்ள ரெண்டு பேருக்குன்னு சொல்லிட்டாரு. அவருகிட்ட போய் எம் பொண்டாட்டிக்கு ஏலாதுன்னு நான் சொல்லணுமா?" என்றார். அவருடைய பயிற்சி வேறு விதம். ஹுன்னஸ்கிரியவுக்குப் போய், வாடகைக்காரப் பையன் பக்கத்தில் நடந்து வர, சமதரையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். தலைக்கவசத்தோடு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். அவர் கை ஒரு நாளும் அந்தப் பேசினுக்குள் போகவில்லை.

ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பதும் சித்திதான். மத்தியானமே ஊற்றி, சாயங்காலம் மேசையில் தயாராக வைத்து, ஜெபமாலையையும் அவர் கைக்கு எட்டும்படி வைப்பாள். அவர் தன்னுடைய பாதியை இழுத்து இழுத்துச் சொல்லுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு விடுவார், சில நேரம் தொண்டையைச் செருமிக்கொள்வார். சித்தி தன் பாதியை வேகமாகச் சொல்லி முடித்தால் மணியைத் திரும்ப முதலுக்கே தள்ளுவார். "முழுங்காம சொல்லு. மாதாவுக்குக் கேக்கணும்." நாலாவது ஐந்தாவது மணியில் அவள் உதடு கோணும், அதற்கு மேல் ஏலாமல் கையை எடுத்துச் சேலைக்குள் பொத்திக்கொள்வாள். அவர் திருப்தியோடு சிலுவை போட்டுக்கொண்டு எழும்புவார். ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல், "போதும் சித்தப்பா, கை செவந்து போச்சு" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒனக்குன்னு ஒருத்தன் கெடைச்சா அங்க போய் நாட்டாமை பண்ணு. அதுக்கு மொதல்ல ஒருத்தன் கெடைக்கணும்." சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அவமானம், எனக்காக.

அந்த ஆளை நான் வெறுத்தேன். நல்ல வார்த்தையாக வேறு ஏதும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று சித்தி ஒரு பத்தையும் தாங்கிவிட்டாள். குரல் நடுங்கவில்லை, பார்வை மாதா படத்துக்குக் கீழே சுவரில் ஒட்டியிருந்த பேரனின் படத்தை விட்டு அசையவில்லை. பத்தாவது மணிக்குப் பதில் சொல்லி முடித்துக் கையை எடுத்தபோது விரல்கள் மடங்கவில்லை, நீலம் பாரித்திருந்தன. அவள் சிரித்தாள். கனடாவுக்குப் போய்விட்டவள் மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. சித்தப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த விரல்களுக்கு நடுவில் வைத்தார். "புடி" என்றார். பேனா தரையில் விழுந்தது. "பாத்தியா? இது செத்த கை. இத வச்சிக்கிட்டு எப்பிடி கம்பியப் புடிப்ப?" விழுந்த பேனாவை எடுத்துத் துடைத்துப் பையில் செருகிக்கொண்டு செய்தி பார்க்கப் போனார். பயண ஏற்பாடு அத்தோடு முடிந்தது.

மார்கழியில் அவர் தனியாகவே போனார். அம்மாவுக்குக் குளிர் பயம், எவ்வளவு சொல்லியும் வரமாட்டேன் என்றுவிட்டாள் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். தங்கச்சி எனக்குப் போன் எடுத்து அழுதாள். சித்தியிடம் அதைச் சொன்னேன். போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தவள், "அப்பிடியா சொல்லிருக்காரு" என்று மட்டும் கேட்டுவிட்டு மிச்சத்தையும் வெட்டினாள். சில நாளில் வீடியோ வந்தது. வெள்ளை வெளேரென்ற காட்டுப் பாதை, அதில் பெரிய உடுப்புக்குள் சித்தப்பா, கொழுத்த நாலு டயர். வண்டி நின்றதும் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் கைப்பிடியைப் பிடித்துக் காட்டிச் சிரித்தார். "இங்க பாரு, கைப்பிடியில சூடு வருது! பின்னால ஒக்காருறவங்களுக்கும் இருக்கு. கை குளிரவே இல்ல!" சித்தி போனை என்னிடம் நீட்டினாள். "அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா போடு" என்றாள். போட்டேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை பார்த்து முடித்ததும் எழும்பிப் போய் அந்தப் பேசினைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அவர் திரும்பி வந்து, கோயிலிலும் கடைத்தெருவிலும் பனிக் கதையைச் சொல்லித் தீர்ப்பதற்குள் பாரிசவாதம் வந்துவிட்டது. வலது கையும் பேச்சும் போயின. ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த மிஸ், கையைக் கொஞ்சம் கொஞ்ச நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்து எடுக்கச் சொன்னாராம், நரம்புக்கு உணர்ச்சி திரும்புமாம். சித்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அதற்குள் எனக்கும் ஒருத்தன் கிடைத்து, கலியாணமாகி, கண்டியிலேயே குடியிருந்தேன்.

போன மாதம் பார்க்கப் போனேன். சித்தப்பா கதிரையில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்து, பவுடர் பூசி, சுத்தமான சேட் போட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் சித்தியைப் புகழாத ஆள் இல்லை. மேசையில் அந்த நீலப் பேசின், ஒட்டிய விளிம்பு என் பக்கம். அவருடைய வலது கையை எடுத்து மணிக்கட்டு வரை தண்ணீருக்குள் வைத்து, மேலே தன் இடது கையால் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலது கையில் ஜெபமாலை. மந்திரத்தின் முதல் பாதியை இழுக்காமல், அவசரப்படாமல், தெளிவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். இனி அவர் பதில் சொல்ல வேண்டும்.

அவர் வாய் ஒரு பக்கமாகத் திறந்தது. "ம்... மா..." என்று ஏதோ வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கைக்கு உணர்ச்சி திரும்பிக்கொண்டுதான் இருந்தது, அது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. சித்தி பொறுமையாகக் காத்திருந்தாள். "முழுங்காம சொல்லுங்க" என்றாள். "மாதாவுக்குக் கேக்கணும்." அவர் என்னைப் பார்த்தார். போதும் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை.

மேசையில் இருந்த போன் அடித்தது. கனடாவிலிருந்து மகள், எப்போது வருகிறாய் என்று கேட்டாள். விசா இன்னும் இருக்கிறது, அப்பாவைப் பார்க்க ஆள் வைப்போம், பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான். சித்தி ஜெபமாலை பிடித்த கையாலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டாள், மற்றக் கை பேசினை விட்டு நகரவில்லை. "வர்றேன் மகள்" என்றாள், எப்போதும் போல அன்பாக. "அப்பா ஒரு பத்து முழுசா சொல்லட்டும், அடுத்த நாளே வர்றேன்." போனை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி மறுபடியும் காத்திருந்தாள். ஐஸ் கட்டிகள் கரைந்து சின்னதாகிவிட்டிருந்தன. அவள் விரல்கள் இன்னும் முதல் மணியிலேயே இருந்தன.