அடித்துத் திருத்திய தேதி

2024 அக்டோபர் 21, திங்கட்கிழமை, காலை ஐந்து நாற்பது. வெளியே லேசான பனிமூட்டம். பால்கனி வெப்பமானியில் இருபத்தொரு டிகிரி. மராட்டிய ஊரான சிஞ்ச்வட்டில் எங்கள் வீட்டின் உள்ளறைக் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்தேன். உள்ளே மகளும் மருமகனும். என் கணக்குப்படி அன்று அவளுக்குப் பிரசவம், இருநூற்றெண்பதாவது நாள். மருமகனின் குறட்டை மட்டும்தான் கேட்டது.

மருமகனுக்கு ஜெர்மனியில் வேலை. முதல் குழந்தை பிறக்கும்போது கூட இருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் விடுப்பு வாங்கி, 14ஆம் தேதி வந்திறங்கினார். 28ஆம் தேதி திரும்பப் பயணம். நடுவில் 21 வரும்படி அந்த இரண்டு வாரத்தை வைத்தது நான்தான். டாக்டர் சொன்ன தேதி 30. அதை நான் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் பொங்கல் ஜனவரி 15. என் மனைவி போய் ஆறு வருடமாகிறது. மகள்தான் பொங்கல் வைப்பாள். முதல் நாள் இரவு வரை வெல்லம் இடித்து, பானைக்கு மஞ்சள்கொத்து கட்டி வைத்தவள், காலையில் சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டு, "அப்பா, இந்தத் தடவை நீங்களே வெச்சிடுங்க" என்றாள். மாதத்தில் அந்த நாட்களில் அவள் சாமி காரியத்தில் கலந்துகொள்வதில்லை. நான் வேறெதுவும் கேட்கவில்லை. நான் வைத்த பொங்கல் அடிப்பிடித்தது. அதனால் அந்தத் தேதி எனக்கு மறக்காது.

மருமகன் மார்ச் முதல் வாரம் ஜெர்மனி போனார். மூன்றாம் வாரம் மகளை டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டரம்மா ஒரு அட்டைச் சக்கரத்தைத் திருப்பி, அக்டோபர் 22 என்றார். அங்கேயே உட்கார்ந்து ஜனவரி 15இலிருந்து இருநூற்றெண்பது நாள் எண்ணினேன். 21தான் வந்தது. லீப் வருடம், பிப்ரவரி 29ஐ அந்தச் சக்கரம் விட்டுவிட்டது. டாக்டர் சிரித்து, சரி என்று ஒப்புக்கொண்டு 21 எழுதினார். அன்றிலிருந்து அவர் எண்ணுவதில் எனக்குச் சந்தேகம் விழுந்தது.

பத்து நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். ஃபைலைத் திறந்தால், 21ஐச் சிவப்பு மையில் அடித்து மேலே 30 என்று எழுதியிருந்தது. கையெழுத்து இல்லை, காரணம் இல்லை. நான் முப்பத்து நான்கு வருடம் மோட்டார் பாகங்கள் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனையில் இருந்தவன். இப்படி அடித்துத் திருத்திய தாள் வந்தால் திருப்பி அனுப்புவோம். காலண்டரைப் பார்த்தேன். 31 தீபாவளி. எனக்கு விளங்கிவிட்டது: 30ஆம் தேதிக்குள் ஆபரேஷன் செய்து முடித்துவிட்டு டாக்டர் பண்டிகைக்குப் போவார். எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் சமீபத்தில் குழந்தை பிறந்த ஏழு வீடுகளில் விசாரித்தேன். நான்கில் ஆபரேஷன். சந்தேகம் உறுதியானது.

"டாக்டர் 30ங்கறாங்களே, மாமா?" என்று மருமகன் போனில் கேட்டார்.

"அது அவங்க வசதிக்குப் போட்ட தேதி, மாப்பிள்ளை. நீங்க 21ஐ வெச்சு டிக்கெட் போடுங்க."

மறுபேச்சில்லாமல் போட்டார். மரியாதைக்காரர்.

21 போனது. 22, 23, 24, 25. மருமகன் தினமும் மாலை அவளைக் கட்டடத்தைச் சுற்றி நடக்க வைத்தார். சுற்றுக்கு முந்நூற்றுப் பத்து அடி. ஒன்றும் நடக்கவில்லை. மகள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

26ஆம் தேதி சனிக்கிழமை பரிசோதனைக்கு அவளோடு நானும் போனேன். கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதியிருந்தேன். முதல் கேள்வி: ஜனவரி 15ஐ மாற்றியது யார்? எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"யாரும் மாத்தலை, காகா," என்றார் டாக்டர்; இங்கே சித்தப்பா முறைக்கு அப்படித்தான் கூப்பிடுவார்கள். "15 அப்படியேதான் இருக்கு. எல்லாருக்கும் மாசவிலக்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருதடவைன்னு வெச்சு எண்ணறது அந்தச் சக்கரம். நீங்களும் அப்படியே எண்ணிட்டீங்க. உங்க பொண்ணுக்கு முப்பத்தேழு நாள். முதல் தடவை உள்ளே பரிசோதிச்சப்பவே அவங்க சொன்னாங்க. ஸ்கேன் வந்ததும் அதுவும் ஒத்துப்போச்சு, திருத்தினேன். உங்ககிட்ட சொல்லலையா?"

மகள் சுவரைப் பார்த்தாள். நான் எடை பார்க்கும் இயந்திரத்தைப் பார்த்தேன். முப்பத்தேழில் இருபத்தெட்டு போனால் ஒன்பது. 21ஓடு ஒன்பது, 30.

விட மனமில்லை. "30ன்னா, கூடக்குறைய எவ்வளவு?"

"ரெண்டு வாரம் முன்னாடியும் வரும். ஒரு வாரம் பின்னாடியும் போகும்."

"அதுக்குப் பேரு தேதியா, மேடம்?"

"காகா, யே ஃபேக்டரி கா மால் நஹீ ஹை!"

ஆலைச் சரக்கு இல்லையாம். மகள் சிரித்துவிட்டாள், ஐந்து நாளுக்குப் பிறகு. தீபாவளிக்கு ஊரில் இருப்பீர்களா என்றும் கேட்டேன். இதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில்தான் வீடு என்றார். வெளியே வந்ததும் அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது மாடியில் ஆகாஷ்கந்தில் என்ற தீபாவளி விளக்கு தொங்கியது. காகித விளக்கை யார் வேண்டுமானாலும் தொங்கவிடலாம்.

ஆட்டோவில் மகள் சொன்னாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா."

"எப்படிம்மா அதைக் கேக்கறது?"

"ஏழு வீட்ல போய் ஆபரேஷனான்னு கேட்டீங்கள்ல? அதை விடவா?" சற்றுப் பொறுத்து, "அவர் திங்கக்கிழமை கிளம்பிடுவார். அப்புறம் பிரசவ ரூமுக்குள்ள யாருப்பா என்கூட வருவா? நீங்களா?" என்றாள்.

ஆட்டோ சிக்னலில் நின்றது. சிவப்பு எண்கள் எண்பத்தெட்டிலிருந்து பூஜ்யம் வரை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகனிடம், "தப்பு என்னோடது, மாப்பிள்ளை. டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க" என்றேன். அவர் மேலாளரிடம் பேசினார். வெள்ளிக்கிழமை வரை இங்கிருந்தே வேலை செய்யலாம், நவம்பர் 4ஆம் தேதி திங்கட்கிழமை அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். டிக்கெட் 2ஆம் தேதி சனிக்கிழமைக்கு மேல் நகராது.

30 வந்தது. நாலு தடவை கேட்டேன், வலி இருக்கா என்று. இல்லை. டாக்டரின் தேதியும் போனது. 31 காலை ஒன்பது பத்துக்கு க்ளினிக்குக்கு போன் செய்தேன். வேறு யாராவது எடுப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். டாக்டரே எடுத்தார். "காகா, தீவாளி வாழ்த்து. குழந்தை அசையுதா? அப்போ வீட்லயே இருங்க." ஆபரேஷன் என்ற பேச்சே இல்லை. அவர் மேல் ஏழு மாதம் வைத்திருந்த சந்தேகத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை.

நவம்பர் 1, வெள்ளிக்கிழமை, அதிகாலை நான்கு ஐம்பதுக்கு வலி வந்தது. மருமகன் உள்ளே போனார். நான் வெளியே. மதியம் இரண்டு இருபத்தாறுக்குப் பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம், சுகப்பிரசவம். டாக்டர் இரண்டு நாள் பிசகினார். நான் பதினொரு நாள்.

மறுநாள் மாலை ஏழரைக்கு மருமகன் டாக்ஸி ஏறினார். பிறந்த குழந்தையோடு இருபத்தொன்பது மணி நேரம் இருந்திருக்கிறார். டிக்கெட் பணத்தை நீட்டியபோது, "விடுங்க, மாமா" என்று இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டார். தேதி மாற்றியதற்கு விமான நிறுவனம் பிடித்தது இருபத்தாறாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.